உறுதிமொழியைக் கேட்டவள்

சியோல்
20 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

மியங்சுக் எழுதுகிறேன். சளியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உங்கள் கால்விரல்கள் எப்படி இருக்கின்றன? போன குளிரில் கறுத்துப்போன அந்தச் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி திரும்பியதா? கம்பளிக் காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரருக்குத் தானம் செய்யாமல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். அவருக்கும் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

செய்தி சிறைக்குள்ளும் எட்டியிருக்கும். எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்துவிட்டார். தெருவில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பண நெருக்கடியில், எங்கள் கம்பெனியில் முப்பது பேர் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர்தான். ஊர் முழுக்க இதே கதை. கல்யாணங்களே குறைந்துவிட்டன, பந்தலையும் நாற்காலியையும் யார் வாடகைக்கு எடுக்கிறார்கள்? ஆனால் மேங் முதலாளி நேற்று சிரித்த முகத்தோடு வந்தார். "பதவியேற்புக்கு நாற்காலி நம்மதுதான்! நாற்பதாயிரம்! வேற ரெண்டு கம்பெனியோட சேர்ந்து போடப் போறோம்" என்றார்.

எனக்கு நாற்காலி கண்ணில் படவில்லை அண்ணா, நீங்கள்தான் பட்டீர்கள். புது ஜனாதிபதி பதவியேற்றால் பொதுமன்னிப்பு வரும். எண்பத்தெட்டில் ஒருவர் ஏற்றார், உங்கள் ஆயுள் தண்டனை இருபது வருடமானது. தொண்ணூற்று மூன்றில் இன்னொருவர் ஏற்றார், ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை வருகிறவரே சிறையில் இருந்தவர். அவருக்குத் தெரியாதா?

அவர் எந்த நிமிடத்திலிருந்து ஜனாதிபதி? கம்பெனியில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் வாத்தியார். நீங்கள் சொன்னால்தான் ஒத்துக்கொள்வேன்.

விரல்களைத் தேய்த்துவிடுங்கள்.
மியங்சுக்

*

6 ஜனவரி 1998

அன்புத் தங்கைக்கு,

காலுறை வந்தது. இரண்டு ஜோடி என் காலில். மூன்றாவது எங்கே போனது என்று கேட்காதே. சுண்டுவிரல் இருக்கிறது, அதற்குமேல் அதனிடம் நான் எதிர்பார்ப்பதில்லை. உன் சளிக்குப் பேரிக்காயைத் தேன்விட்டு அவித்துச் சாப்பிடு.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி பிறக்கும் நொடியிலேயே பழையவரின் பதவி முடிந்து புதியவருடையது தொடங்கிவிடும். அவர் அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் சரி. மேடையேறி வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்வது அன்று காலையில்தான். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "சார், அதான் தூங்கும்போதே ஆயிட்டாரே. அப்புறம் காலைல எதுக்கு சார் சத்தியம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி. "சட்டம் அவரை ஜனாதிபதி ஆக்கிடும்டா. ஆனா, என்ன செய்றேன்னு அவர் வாயால சொன்னதைக் கேட்ட ஆள் வேணுமில்ல? அதுக்குத்தான்" என்றேன்.

உறுதிமொழியை எல்லாரையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். உனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நினைவிருக்கும். அரசியல் சட்டத்தை மதிப்பேன், நாட்டைக் காப்பேன், தாய்நாடு அமைதியாக ஒன்றிணையப் பாடுபடுவேன் என்று போகும். "அந்த மூணாவதைச் செஞ்சாரான்னு யார் பார்க்கிறது?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டது. அந்த நோட்டு என் வழக்கில் ஏழாவது சான்றுப்பொருள். ஒசாகாவில் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது நான் வாங்கிவந்த வானொலிப் பெட்டி முதலாவது. நீதிமன்றத்தின் பார்வையில் இரண்டும் சேர்ந்தால் ஒரு வடகொரிய உளவாளி.

நாற்காலியைப் போடு. எனக்காக அதில் நம்பிக்கையைப் போடாதே. முதுகு பத்திரம்.

வொன்ஹோ

*

சியோல்
15 மார்ச் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணமில்லை. பதவியேற்பு முடிந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். நல்ல செய்தியையும் சேர்த்து எழுதலாம் என்று பேனாவை மூடிவைத்தேன்.

முதலில் நாற்காலிக் கதை. மூன்று நாள் போட்டோம். தேசிய சட்டமன்றத்தின் முன்னால் கயிறு பிடித்து, ஒவ்வொரு வரிசையும் கோணாமல். ஹான் நதிக் காற்று காதை அறுத்தது. பியோ அக்காவைத் தெரியுமல்லவா, என்னோடு வேலை செய்கிறவர். அவர் வாய் மட்டும் குளிரில் உறைவதில்லை. "ஏண்டி, நாப்பதாயிரம் நாற்காலி போட்டோம், நமக்கு உக்கார ஒண்ணு கிடையாது. கல்யாண வீட்டுச் சமையல்காரி பந்தியப் பார்த்த கதைதான்" என்றார்.

என் உள்சட்டைப் பையில் ஒரு மனு இருந்தது. உங்களுக்குச் சொல்லவில்லை. அன்று காலை மேடைப் பக்கமாக நடந்தேன். ஒரு காவலர் மறித்தார். சின்ன வயது.

"அம்மா, அந்தப் பக்கம் போகக் கூடாது."

"ஒரு காகிதம் குடுக்கணும் தம்பி."

"நாற்காலி போட வந்தீங்களா, காகிதம் குடுக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

சிரித்தார். "யாருக்காக?" என்றார். "எங்க அண்ணனுக்கு. பதினாலாவது வருஷமா உள்ள இருக்காரு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. காகிதத்தை வாங்கி மடித்தார். "சேர்த்துடுவேன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா கிழிக்க மாட்டேன்" என்றார். அதற்கே எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

பிறகு எங்களைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அவர் கையை உயர்த்தினார். ஒலிபெருக்கிச் சத்தம் கட்டிடத்தில் மோதித் திரும்பியதால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. தாய்நாடு அமைதியாக ஒன்றிணைய என்ற இடமும் இரண்டு தடவை. என்னை அறியாமல் நானும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். பியோ அக்கா இடுப்பில் இடித்து, "என்னடி முணுமுணுக்கிற, நீயும் ஜனாதிபதி ஆகப் போறியா?" என்றார். நான் கேட்டேன் அண்ணா. கேட்ட ஆள் வேண்டும் என்றீர்களே, நான் இருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி மன்னிப்புப் பட்டியல் வந்தது. கைதிகளின் குடும்பத்தார் கூடும் அலுவலகத்தில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மூன்று தடவை விரல் வைத்துப் படித்தேன். தாக் என்ற நம் குடும்பப் பெயரே அதில் இல்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "காகிதம் எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் இந்தத் தடவை. உங்க அண்ணன்கிட்ட மூணு தடவை கேட்டாங்களாமே, எழுத மாட்டேன்னுட்டாராமே" என்றார்.

எந்தக் காகிதம் அண்ணா? மூன்று தடவை கேட்டார்களா?

பதில் எழுதுங்கள். சாப்பாடு இறங்குகிறதா என்பதையும்.
மியங்சுக்

*

2 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

நலம். சாப்பாடு இறங்குகிறது. உன் முதுகுவலிக்குச் சூடான தரையில் படுப்பதுதான் மருந்து, வேறு தைலமெல்லாம் ஏமாற்று.

மதிலுக்கு வெளியே மஞ்சள் பூ பூத்துவிட்டதாகக் காவலர்கள் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே அதன் தூசி மட்டும் வருகிறது. பக்கத்து அறைக்காரர் சன்னலில் சோறு வைத்து ஒரு சிட்டுக்குருவியைப் பழக்கியிருக்கிறார். அதற்கு அமைச்சர் என்று பெயர். தின்ன மட்டும்தான் வருகிறதாம்.

அந்தக் காவலரைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

காகிதம் பற்றிக் கேட்டிருந்தாய். மெல்லிய மேல்சட்டை ஒன்று இருந்தால் அனுப்பு. வெயில் வந்துவிடும்.

வொன்ஹோ

*

சியோல்
10 மே 1998

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் குருவியைப் பற்றிப் பேசினீர்கள்.

"காகிதம் என்னன்னு சொல்லுங்க அண்ணா" என்று கேட்டதற்கு, "மனசு மாறிட்டேன்னு எழுதிக் குடுக்கிற காகிதம். என் மனசுல அவங்க சொல்றது இருந்தாத்தானே மாறுறதுக்கு?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

வெளியே வந்தபோது பருத்த சிறை அதிகாரி ஒருவர் என்னை நிறுத்தினார். "அம்மா, உங்க அண்ணன் இந்த வருஷம் ரெண்டு தடவை ரத்த வாந்தி எடுத்தாரு. மருத்துவ அறையில கிடந்தாரு. உங்ககிட்ட சொன்னாரா?" என்றார். இல்லை என்றேன். "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. நாங்க என்ன தலையவா கேட்கிறோம்? நீங்க சொன்னா கேட்பாரு" என்றார்.

அம்மா சாகும்போது நீங்கள் வரமுடியவில்லை. மலையில் ஏற்றிப் புதைக்கும்போது மண் போட மகன் இல்லையே என்று ஊரார் கேட்டார்கள். நான்தான் போட்டேன். அடுத்து உங்களுக்கும் நானே போட வேண்டுமா? சாப்பாடு இறங்குகிறது என்று எப்படி எழுத முடிந்தது?

ஒரு கையெழுத்துதான் அண்ணா. போட்டுவிட்டு வாருங்கள். மனதில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மியங்சுக்

*

30 மே 1998

மியங்சுக்குக்கு,

மேல்சட்டை கிடைத்தது. அளவு சரி.

ஒரு கையெழுத்துதான் என்று எழுதியிருக்கிறாய். ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பது நம் இருவருக்குமே தெரியும்.

வயிறு பரவாயில்லை.

வொன்ஹோ

*

12 ஜூலை 1998

அன்புத் தங்கைக்கு,

ஆறு வாரமாக உன் பதில் இல்லை. ஜூன் மாதச் சந்திப்புக்கும் நீ வரவில்லை. மழைக்காலத்தில் கூடாரம் தூக்கி விழுந்துவிட்டாயோ, முதுகோ என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது.

போன கடிதத்தில் எழுதக் கூடாத ஒரு வரி எழுதினேன். பதிமூன்று வருடம் எழுதாமல் காத்தது ஒரு நாள் கோபத்தில் வந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியுமானால் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு மாற்றம். மனம் மாறினேன் என்ற பழைய காகிதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, "நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பேன்" என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டுமாம். தந்தால் ஆகஸ்ட் பதினைந்து, விடுதலை நாளன்று மன்னிப்பு. பருத்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். "சார், ஜனாதிபதியே இப்படி ஒரு உறுதிமொழி சொல்லித்தான் உள்ள வர்றாரு. நீங்க சொல்லி வெளிய போங்க. என்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

சாமர்த்தியமான பேச்சு. இரண்டு நாள் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தது. அவர் சொல்வது இனிச் செய்யப்போவதை. நான் இதை எழுதினால், இதுவரை மதிக்காமல் இருந்தேன் என்று ஒத்துக்கொள்வதாகிறது. நான் செய்ததெல்லாம் பாடம் நடத்தியது. அதிகாரியிடம் இதைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "வாத்தியாருங்களோட பேசவே கூடாது" என்றார்.

ஆனால் இதெல்லாம் உன் கடிதம் வந்தால் நன்றாக இருக்கும் நியாயங்கள். வராதபோது வெறும் சொற்களாக இருக்கின்றன. ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

வொன்ஹோ

*

சியோல்
29 ஜூலை 1998

அண்ணாவுக்கு,

விழவில்லை. முதுகு நன்றாக இருக்கிறது. எழுதாததற்குக் காரணம், எழுத வேண்டியதை எழுதப் பயம். இதைப் பிரித்துப் படிக்கும் ஐயா, கறுப்பு மை பூசுவதானால் பூசுங்கள். கொஞ்சமாவது விட்டுவைத்து அவரிடம் கொடுங்கள்.

எண்பத்து நான்கு நவம்பரில் என்னையும் பிடித்துப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பதினோரு நாள். ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டேன். "வடக்கு வானொலியில் சங்கேத எண்கள் வாசிப்பதை அண்ணன் கேட்டு எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்" என்று இருந்தது அதில். நான் எதையும் பார்க்கவில்லை. நீங்கள் அந்தப் பெட்டியில் பேஸ்பால் விளையாட்டுதான் கேட்டீர்கள். கட்டைவிரலில் சிவப்பு மை தடவி அழுத்தினார்கள். அதுதான் உங்கள் ஆயுள் தண்டனை.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்று மே மாதக் கடிதத்தில் தெரிந்தது. தெரியாததை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நான்கு மாதம். நீங்கள் ஒசாகாவிலிருந்து வந்ததும் சொல்ல இருந்தேன், அதற்குள் உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். நின்றபடியே இருக்க வைத்தார்கள். எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாம் நாள் ஒருவர் வந்து என் வயிற்றைப் பார்த்து, "புள்ளையைப் பத்தி யோசிம்மா. ஒரு கையெழுத்துதான்" என்றார். யோசித்தேன். அண்ணனா, பிள்ளையா என்று யோசித்தேன். போட்டேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

என் கணவர் விட்டுப்போனது வழக்கைக் கண்டு பயந்து என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதிதான் உண்மை. அம்மாவுக்குக் கூட முழுதும் தெரியாது.

மே மாதம் அந்த அதிகாரி சொன்னதை அப்படியே உங்களுக்கு எழுதினேன். ஒரு கையெழுத்துதான். எழுதும்போது அது யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஒரு வரி வந்த பிறகுதான் தெரிந்தது.

போடாதீர்கள் அண்ணா. வெளியே வருவதற்காகப் போட்டவள் சொல்கிறேன். எனக்காகப் போடவே போடாதீர்கள்.

வயிற்றுக்குக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடியுங்கள்.
மியங்சுக்

*

31 ஜூலை 1998

அன்புத் தங்கைக்கு,

இன்றும் உன் கடிதம் வரவில்லை. உன்னை இவ்வளவு நாள் வாயடைக்க வைத்தது என் ஒரு வரிதான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு வரிதான் எழுதச் சொன்னார்கள். பதினான்கு வருடத்தில் என் கையெழுத்து மாறிப்போயிருக்கிறது. அதிகாரி, "நல்ல காரியம் பண்ணீங்க சார்" என்று தேநீர் கொடுத்தார். குடித்தேன்.

என் நியாயங்களையெல்லாம் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தேன். நீ ஒருத்திதான் மறுபக்கம். உன் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்ன வேண்டும், அந்த வரிக்காக நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்து காலையில் வாசலைத் திறப்பார்கள்.

கோபம் தீராவிட்டாலும் வா.
வொன்ஹோ

*

சியோல்
5 ஆகஸ்ட் 1998

அண்ணா! அண்ணா!

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கம்பெனி வாசலிலேயே பிரித்தேன். பியோ அக்கா, "என்னடி, செத்தது யாரு?" என்று ஓடிவந்தார். நான் அழுத அழுகை அப்படி.

இருபத்தொன்பதாம் தேதி நான் ஒரு கடிதம் போட்டேன். அது இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வந்தால் பிரிக்காதீர்கள். கிழித்துப் போடுங்கள். அதில் ஒன்றுமில்லை, ஏதோ மழைநாள் புலம்பல். எல்லாம் நேரில் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு சந்தோஷப்படுவதற்கு. படுகிறேன். உள்ளறையைக் காலி செய்துவிட்டேன். புது மெத்தை, பக்வீட் தானிய உமி அடைத்த தலையணை. சந்தை முனை சோயா டோஃபுக் கடைக்காரியிடம் பதினைந்தாம் தேதி விடியலில் முதல் கட்டி எனக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். "யாரு வெளிய வர்றாங்க?" என்று கேட்டாள். வெள்ளை டோஃபுவை வேறு எதற்கு விடிகாலையில் வாங்குவார்கள்? சிறை வாசலிலேயே அதைத் தின்றுவிட்டால் திரும்ப உள்ளே போக வேண்டாமாம். "எங்க அண்ணன்" என்றேன். எவ்வளவு வருடமாயிற்று, உங்களை ஊரறியச் சொல்லி.

இன்னும் பத்து நாள். அதுவரை எந்த வலியையும் வரவிடாதீர்கள்.

மியங்சுக்

*

8 ஆகஸ்ட் 1998

என் தங்கைக்கு,

உன் ஜூலை இருபத்தொன்பதாம் தேதிக் கடிதம் நேற்று என் கைக்கு வந்தது. முத்திரையைப் பார்த்தால் ஒரு வாரம் யாருடைய மேசையிலோ இருந்திருக்கிறது. ஒரு வரியும் கறுப்படிக்கவில்லை. அதைப் படித்தவர் யாரோ, அவருக்கும் வீடு இருக்கும்.

உன் வாக்குமூலத்தை எண்பத்தைந்தில் வழக்கறிஞர் எனக்குக் காட்டினார். உன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, பிறகு மேலே செருகியிருந்தாய். சொந்தப் பெயரை எழுத முடியாத நிலையில் உன்னை வைத்திருந்தார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு இல்லை. அதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். பெருந்தன்மை என்று நினைத்து மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்தில்தான் நீ இத்தனை வருடம் தனியாகக் கிடந்திருக்கிறாய்.

பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாது. இப்போது பதிமூன்று வயது ஆகியிருக்கும். நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் வயது. நேற்று முழுவதும் ஒரு வகுப்பறை கண்ணில் நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அதிகாரியிடம் போனேன்.

"ஐயா, அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுங்க."

"என்ன சார் பேசுறீங்க? ஏழு நாள்ல வீட்டுக்குப் போறீங்க."

"குடுங்க."

"அது சியோலுக்குப் போயாச்சு சார்."

"அப்போ இன்னொரு காகிதம் குடுங்க. முதல்ல எழுதினது செல்லாதுன்னு எழுதித் தரேன்."

"உங்க தங்கச்சி என்ன சொல்வாங்க?" என்றார். "அவதான் சொன்னா" என்றேன். காகிதம் கொடுத்தார். இந்த முறை தேநீர் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

நீ விரும்புகிறாய் என்று நினைத்துத்தான் போட்டேன். உன் மனம் அதுவல்ல என்று தெரிந்த பிறகு அந்தக் காகிதத்துக்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டாவது ஒரு கையெழுத்தின் பாரத்தை உன்மேல் வைத்துவிட்டு நான் உன் வீட்டில் சோறு தின்ன முடியாது.

இதை விரைவு அஞ்சலில் போடச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு முன் உனக்குக் கிடைக்க வேண்டும். நீ வீணாக வாசலில் வந்து நிற்கக் கூடாது.

வொன்ஹோ

*

சியோல்
16 ஆகஸ்ட் 1998

அண்ணா,

வாசலில் நின்றேன்.

முதல் பேருந்தில் வந்துவிட்டேன். டோஃபு ஈரத்துணியில் சுற்றி மடியில் இருந்தது. ஒன்பது மணிக்குச் சின்னக் கதவைத் திறந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் வெளியே வரும்போதும் ஒரு குடும்பம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. ஏழாவது ஆள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். நான் மட்டும் நின்றேன். உள்ளே உங்களுக்குச் சட்டை மாற்ற நேரமாகிறது என்று நினைத்தேன். பன்னிரண்டு மணி வரை நினைத்தேன்.

பருத்த அதிகாரி வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "கடிதம் வரலையாம்மா?" என்றார். எந்தக் கடிதம் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வெயில்தான் சுட்டது, வேறொன்றும் தெரியவில்லை. "நீங்க கிழிக்கச் சொன்ன கடிதத்தை அவரு ஏழாம் தேதியே படிச்சுட்டாரு. அதைக் கிழிக்கச் சொல்லி நீங்க எழுதினது பதிமூணாம் தேதிதான் வந்துச்சு" என்றார்.

திரும்பும் பேருந்தில் டோஃபு புளிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்தாள். எறிய மனமில்லை. நானே தின்றேன். வீட்டுக்கு வந்தால் கதவடியில் உங்கள் விரைவு அஞ்சல்.

ஏன் என் பேச்சைக் கேட்டீர்கள்? வாழ்நாளில் ஒரு தடவைகூட என் பேச்சைக் கேட்டதில்லையே. பக்கத்து அறைக்குக் காலுறை கொடுக்காதே என்றால் கொடுப்பவர், இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்? போடாதே என்று எழுதியவளும் நான்தான், போட்டது தெரிந்து கம்பெனி வாசலில் சந்தோஷத்தில் அழுதவளும் நான்தான். இரண்டில் எவளுக்குப் பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். நேற்று உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இன்றும்தான். நீங்கள் எடுத்துக்கொண்டது போல எனக்கும் ஒரு வாரம் வேண்டும்.

அதிகாரி ஒன்று சொன்னார். தண்டனை முடிய இன்னும் ஆறு வருடம். அதற்கு முன் ஒரு பதவியேற்பு இருக்கிறது, இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரி இருபத்தைந்து. உங்களுக்கு ஐம்பத்தொன்பது, எனக்கு ஐம்பத்தொன்று. மேங் முதலாளி அதுவரை கம்பெனியை நடத்துவாரா தெரியவில்லை.

மெத்தையைச் சுருட்டி மேலே வைத்துவிட்டேன். அறை அப்படியே இருக்கட்டும்.

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை வருகிறேன். பத்து நிமிடத்தில் குருவியைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் விடமாட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். உங்களைத் தவிர இனி யாரிடம் பேசுவேன்? பையன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பெயரும் வைத்திருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை, எழுதவும் வரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

அதுவரை கஞ்சியாவது குடியுங்கள்.
மியங்சுக்